காதை அறுக்கிற மாமா

சவரத் தொழிலில் கத்தியை விடக் கைதான் பெரிசு. கத்தி முடியை மட்டும் பார்க்கும், கை மண்டையைப் பார்த்துவிடும்.

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைத் தெருவுக்குள் நுழைகிற முக்கில் என் கடை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, வெயிலுக்கு ஒரு சாக்குப் படுதா, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. இது போக ஒரு பலகை. பையன்கள் வந்தால் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே அந்தப் பலகையைப் போட்டு அதன் மேல் ஏற்றி உட்காரவைப்பேன். அப்போதுதான் தலை என் நெஞ்சு உயரத்துக்கு வரும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படி ஒரு பலகையில் உட்கார்ந்தவர்கள்தான். மீதிப் பேர் பக்கத்தில் நின்று பிடரியை அமுக்கிப் பிடித்தவர்கள். இரண்டும் செய்தவர்களும் உண்டு. அதனால் உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? தண்ணீர் தெளித்து ஒரு தடவு தடவினால் எனக்குத் தெரிந்துவிடும். உச்சியில் புடைத்திருந்தால் பள்ளிக்கூடம். பின்மண்டை என்றால் அப்பன். காதுக்கு மேலே முடியின் வேர் சிவந்திருந்தால் ஆத்தா. எங்கேயும் ஒன்றும் இல்லாத மண்டை வந்தால், "தம்பி ஊருக்குப் புதுசா?" என்று கேட்டிருக்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து அறுபதுகள் முடிகிற வரைக்கும் அந்தப் பலகையில் எத்தனையோ மண்டைகள் ஏறி இறங்கின. ஒன்றை மட்டும் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. அது இன்னாசியின் மண்டை. அவன் ஒரு குறையும் இல்லாமல் ஆளாகிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. சொந்தக்காரன் இல்லை, என் சாதிசனம் இல்லை. முதல் கிராப்பு நான் வெட்டியது, அம்புட்டுதான்.

முதல் கிராப்பு

இன்னாசியின் அப்பா சவரிமுத்து. பட்டறையில் சாவிக்குப் பல் எடுத்து அரம் போடுகிறவர். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் இரும்பைத் தேய்ப்பார். விரல் முட்டியெல்லாம் காய்ப்புக் காய்த்துக் கொட்டாங்கச்சி மாதிரி இருக்கும். அருமையான மனுசர். கடையில் தண்ணீர் தீர்ந்துபோனால் தன் பானையிலிருந்து ஒரு செம்பு கொண்டுவந்து ஊற்றுவார். அந்தக் காலத்துத் திண்டுக்கல்லில் இருந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் கொடுக்கிறவன் எப்பேர்ப்பட்டவன் என்று.

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசில் முதல் முதலாகக் கூட்டி வந்தார். ஐந்து வயசு. பலகையில் ஏற்றியதும் பயல் துள்ளினான். சவரிமுத்து குனிந்து, "ஏலே, ஆடுன, மாமா காத அறுத்துருவாரு" என்றார். எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான். எங்கள் தொழில்காரர்களும் அதற்கு ஒத்து ஊதுகிறவர்கள்தான். நானும் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை அவனுடைய இடது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெறுங்காற்றில் சடக் சடக் என்று இரண்டு தடவை வெட்டினேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பயல் சிலையாகிவிட்டான். ஆனால் இரண்டு கையாலும் இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டான். கையை எடுத்தால்தானே ஓரம் வெட்ட முடியும்? கெஞ்சினேன், கடலை மிட்டாய் காட்டினேன். எடுக்கவில்லை. "அம்புட்டுப் பயமாடா மாமாவப் பாத்தா?" என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னான்:

"மாமாவப் பாத்துப் பயமில்ல. காது இல்லாட்டி அப்பா கூப்புடுறது கேக்காது. கேக்காட்டி அடிப்பாரு."

உச்சி மண்டை

பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் சவரத்துக்கு வருவார். சலவை வேட்டி, விரலில் சிவப்புக் கல் மோதிரம். பேர் எதற்கு, மோதிர வாத்தியார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வகுப்புப் பையன்கள் இருபது முப்பது பேர் என் பலகைக்கு வருகிறவர்கள். எல்லோருக்கும் புடைப்பு ஒரே இடத்தில்தான் இருக்கும், சுழிக்கு முன்னால் இரண்டு விரற்கடை தள்ளி. பட்டறையில் பூட்டுக்கு முத்திரை குத்தினாற்போல, ஒரு நூல் அந்தப்பக்கம் இந்தப்பக்கம் போகாது.

ஒரு தடவை நுரை போட்டுக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், "சார், உங்க வகுப்புப் பையன் மண்டைய கொடைரோட்டுல வச்சுப் பாத்தாலும் நான் கண்டுபிடிச்சிருவேன் சார்." கோபப்படுவார் என்று நினைத்தேன். மனுசருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. குட்டுகிறதற்கு ஒரு முறை உண்டு என்று விளக்க ஆரம்பித்தார். நடுவிரல் முட்டி மட்டும்தான் படவேண்டுமாம். வேகம் மணிக்கட்டிலிருந்து வரவேண்டுமாம், தோளிலிருந்து வந்தால் முரட்டுத்தனமாம். இன்னாசி அவர் வகுப்புக்குப் போய் அப்போது ஆறு மாசம். அவன் உச்சியிலும் முத்திரை விழுந்திருந்தது. அதை மனசில் வைத்துக்கொண்டு, "சின்னப் பயக சார், மோதிரம் கிழிச்சிரப் போகுது" என்று இழுத்தேன்.

அவர் முகம் வாடிவிட்டது. நான் அவரை அப்படிப்பட்ட ஆள் என்று நினைத்துவிட்டேனே என்று நிஜமாகவே வருத்தம். இடது கை விரலால் மோதிரத்தைப் பிடித்து, கல் உள்ளங்கைப் பக்கம் போகிற மாதிரித் திருப்பிக் காட்டினார்.

"இப்பிடித் திருப்பிக்கிட்டுத்தான்ப்பா குட்டுவேன். நானும் பிள்ளகுட்டிக்காரன், எனக்கு இரக்கம் இருக்காதா?"

தோல்வார்

சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி. தோட்டத்தில் விளைந்த கத்தரிக்காயை விற்க வந்தவர், காலிக் கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டுப் பையனை உள்ளே இழுத்துவந்தார். அவனுக்கு ஏழு வயசு இருக்கும். பிடரியில் மிஷினை வைத்ததும் முடியைக் கடித்துப் பிடுங்கிவிட்டது. மிஷினுக்குப் பல் மழுங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது, தப்பு என்னுடையதுதான். மிஷின் அவனைக் கடித்தது, அவன் என் கையைக் கடித்தான். ரத்தம்கூட வரவில்லை, பல் பதிந்தது.

சம்சாரி எழுந்து, "அத எடுய்யா" என்றார். கத்தி தீட்டுகிற தோல்வார் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைத்தான் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேனா என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். சொன்ன ஞாபகம் இல்லை. ஆணியிலிருந்து கழற்றி, கைப்பிடி அவர் பக்கம் இருக்கிற மாதிரித் திருப்பி நீட்டினேன். கத்தியை இன்னொருத்தருக்குக் கொடுக்கும்போது அப்படித்தான் நீட்டவேண்டும், அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது. எத்தனை அடி விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

பையன் சுவரோரம் விக்கிக்கொண்டு நின்றான். அப்பன் சவரத்துக்கு உட்கார்ந்தார். அதே வாரில் கத்தியை நாலு இழுப்பு இழுத்து, நுரை போட்டு, தாடையில் வைத்தேன். அவர் கண்ணை மூடித் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"லேசா, லேசா. நமக்குத் தோலு ரொம்ப மெல்லிசு, செத்த அழுத்துனாலும் எரியும்."

தொழிலில் நான் காட்டின சாமர்த்தியம்

இன்னாசிக்கு எட்டு வயசானபோது பின்மண்டைப் புடைப்பு உச்சிப் புடைப்பை மிஞ்சிவிட்டது. ஒன்று வடிவதற்குள் அதன் மேலேயே இன்னொன்று இருக்கும். அரம் பிடித்த முட்டி அல்லவா. சீப்பை அந்த இடத்தில் கொண்டுபோனாலே பயல் பல்லைக் கடித்துக்கொள்வான். சவரிமுத்துவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் கொடுக்கிறவர், பட்டறை ஆட்களையெல்லாம் என் கடைக்கு அனுப்பிவைக்கிறவர். சொன்னால் முகம் முறிந்துவிடும். வாய் செய்ய முடியாததைக் கத்தரிக்கோல் செய்யட்டும் என்று ஒரு யோசனை பண்ணினேன்.

ஓரத்தையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டு, உச்சியிலும் பின்மண்டையிலும் மட்டும் முடியை அடர்த்தியாக, மெத்தை போட்ட மாதிரி விட்டேன். குட்டு விழுந்தாலும் மெத்தையில் விழட்டும். பார்க்கிறதற்கும் மதுரைக்காரப் பையன் கணக்காக எடுப்பாக இருந்தது. பயல் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். என் கடையில் அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அன்றைக்கு முழுக்க நடையே வேறு மாதிரி இருந்தது.

ஒன்றரை மாசம் கழித்து அப்பனும் மகனும் வந்தார்கள். பின்மண்டையில் எட்டணா அகலத்துக்கு முடியே இல்லை. வேரோடு போயிருந்தது. நெற்றியில் ஒரு காயம் ஆறிக் கறுத்திருந்தது, பட்டறைச் சுவர் பட்டது. முன்பெல்லாம் முடி குட்டை, கைக்கு அகப்படாது, ஒரு குட்டு வாங்கினதும் பயல் நழுவி ஓடிவிடுவான். இந்தத் தடவை பிடித்து நிறுத்தத் தோதாக நானே பிடி வைத்துக் கொடுத்திருக்கிறேன். சவரிமுத்து என்னையும் பார்க்கவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த யாருடைய முடியையோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒட்ட வெட்டிரு முத்தையா. கைக்குச் சிக்குச்சுன்னா எனக்கு விடத் தெரியல."

அரை மொட்டை

ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் எங்கள் ஊரில் காய்கறி மண்டி வைத்திருந்தார். குரலை உயர்த்திப் பேசமாட்டார், என்னைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிடுவார். பையனைக் கூட்டிவந்து, "ஏனுங்க, தலையில பாதிய மட்டும் மொட்ட போட்டு விடுங்க" என்றார். பையன் தங்கச்சியை அடித்துவிட்டானாம். கை வைத்துத் தண்டிக்கிறது தன் குணத்துக்கு ஒத்துவராது, இப்படியே நாலு நாள் பள்ளிக்கூடம் போய்வந்தால் புத்தி வந்துவிடும் என்றார். அடி இல்லையே என்று நானும் சமாதானப்பட்டுக்கொண்டு வலது பாதியை வழித்தேன். பையன் அழவே இல்லை. பலகையிலிருந்து இறங்கும்போது பெஞ்சில் யார் யார் சிரிக்கிறார்கள் என்று மட்டும் ஒவ்வொருத்தராகப் பார்த்து வைத்துக்கொண்டான்.

நாலாம் நாள் திரும்ப வந்தார்கள். பையன் சட்டை கிழிந்திருந்தது, கை முட்டியில் பிறத்தியான் பல் பட்ட காயம். அப்பாவின் முகத்தில் கோபம் இல்லை, மருந்துக்குக் கேட்காத வியாதிக்காரனைப் பார்க்கிற வைத்தியர் மாதிரி நின்றார்.

"அடிக்கப்படாதுன்னு சொல்லித்தானுங்க அரை மொட்ட போட்டேன், இப்ப சிரிச்ச நாலு பேர்த்த அடிச்சுப்போட்டு வந்து நிக்கறானுங்க, பாக்கிப் பாதியையும் எடுத்துப்போடுங்க."

பெஞ்சுப் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். கடை நிறையப் பையன்கள். இன்னாசிக்குப் பத்து வயசு, தனியாக வந்து முறைக்குக் காத்திருந்தான். நான் ஒருத்தருக்குத் தாடையில் நுரை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் முதுகுக்குப் பின்னால் நடக்கிறதெல்லாம் கண்ணாடியில் தெரிந்துவிடும். பெஞ்சில் பள்ளிக்கூட விளையாட்டு நடந்தது. இன்னாசிதான் வாத்தியார். அடுத்த கடைக்காரர் மகன், நாலு வயசுச் சின்னது, மாணாக்கன். "ரெண்டும் ரெண்டும் எத்தன?" என்று கேட்டான். அது மூன்று என்றது.

இன்னாசி உடனே அடிக்கவில்லை. இடது கை விரலால் வலது கை விரலைப் பிடித்து, அங்கே இல்லாத ஒரு மோதிரத்தை உள்பக்கமாகத் திருப்பினான். அதற்குப் பிறகுதான் குட்டினான். மணிக்கட்டிலிருந்து, சுழிக்கு முன்னால் இரண்டு விரற்கடை தள்ளி. சின்னதுக்கு மூச்சே அடைத்துவிட்டது. நான் திரும்பின வேகத்தில் நுரைக் கையாலேயே இன்னாசியைப் பளார் என்று அறைந்தேன். "சின்னப் பிள்ளைய அடிக்கிறியேடா, வெக்கமா இல்ல?" என்று கேட்டுக்கொண்டே அறைந்தேன். முப்பத்தைந்து வயசுக்காரன் பத்து வயசுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

அவன் இடது காது முழுக்க நுரை. செத்த நேரம் கழித்து மனசு கேட்காமல் துண்டால் துடைத்துவிட்டேன். "வெளாட்டுத்தானடா, அடிக்கிற மாதிரி சும்மா பாவனை காட்டுனாப் போதாதா?" என்றேன். பாடம் புரியாத பையனுக்கு விளக்குகிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னான்:

"நெசமா அடிச்சாத்தான் மாமா பள்ளிக்கூடம். இல்லாட்டி வெறும் பெஞ்சு."

பேச்சி கேட்டது

அன்றைக்குச் சாயந்தரம் வீட்டில் என் பெண்டாட்டி பேச்சி வெஞ்சனத்துக்குச் சுரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, பட்டறைக்காரர் பையனை அறைந்துவிட்டேன், மனசு ஒரு மாதிரி இருக்கிறது என்றேன். எங்கள் பயல் கதவோரம் நின்றவன் என் குரல் கேட்டதும் கொல்லைப் பக்கமாகப் போய்விட்டான். நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் அப்படித்தான் போவான். விளையாட்டுப் பிள்ளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சி அரிவாள்மனையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"நம்ம பயலுக்குத் தெனமும் குடுக்குறதுதான? ஊரான் பிள்ளைக்கு ஒண்ணு குடுத்ததுக்கு எதுக்கு இம்புட்டு முழி முழிக்கிறீக?"

இடது பக்கம்

இன்னாசிக்குப் பன்னிரண்டு வயசு ஆகப்போகிற சமயம். முடி வெட்டும்போது அவனிடம் ஒரு வித்தியாசம் தெரிந்தது. வலது பக்கம் நின்று "தலையக் குனி" என்றால் குனிவான். இடது பக்கம் நின்று சொன்னால் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருப்பான். வயசுத் திமிர் என்று நினைத்து, சீப்பாலேயே மண்டையில் ஒன்று தட்டினேன். அடுத்த மாசமும் அப்படித்தான்.

மூன்றாம் தடவை எனக்கு என்னவோ உறுத்தியது. கத்தரிக்கோலை இடது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முதல் கிராப்பு அன்றைக்குச் செய்த மாதிரி வெறுங்காற்றில் சடக் சடக் என்று வெட்டினேன். ஐந்து வயசிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே அவன் தோள் தூக்கிக்கொள்ளும், எத்தனை வயசானாலும் அது போகவில்லை. இப்போது இமைகூட ஆடவில்லை. வலது பக்கம் போய் வெட்டினேன். தோள் தூக்கியது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். நேருக்கு நேர் நின்று வலது கையால் அறைந்தால் எதிரே இருக்கிறவனுக்கு இடது பக்கம்தான் விழும். குட்டு போக அறையும் உண்டே, அப்பன் கை விழுந்த பக்கம், வாத்தியார் கை விழுந்த பக்கம். ஒரு கை நுரையோடும் விழுந்திருக்கிறது.

மறுநாள் பட்டறைக்கே போய்ச் சொன்னேன். சவரிமுத்து நம்பவில்லை. "நடிக்கிறான், நான் கூப்புட்டாலும் இதே நடிப்புத்தான்" என்று சிரித்தார். இன்னாசி கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு இடது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்து சாவி பொறுக்கிக்கொண்டிருந்தான். "சும்மா கூப்புடாதீங்கண்ணே, அவன் ஆசப்படுற மாதிரி எதையாச்சும் சொல்லிப் பாருங்க" என்றேன். சவரிமுத்து அரத்தை நிறுத்திவிட்டு, "இன்னாசி, சர்க்கஸ் பாக்கப் போவமா?" என்றார். இன்னும் கொஞ்சம் உரக்க, "யானையெல்லாம் வந்துருக்காம்டா, போவமா?" என்றார். பயல் ஒரு சாவியை எடுத்து, ஊதி, டப்பாவில் போட்டான். அடுத்த சாவியை எடுத்தான். சவரிமுத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினபோது அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்குறான், திமிருன்னுதான முத்தையா ரெண்டு வருசமா அடிச்சுக்கிட்டு இருந்தேன்."

கை நின்ற பிறகு

ரெண்டு வருசம் என்று அவர் சொன்னதை நான் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். பெஞ்சுப் பள்ளிக்கூடமும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேறிக் கூட்டிப்போனார். காது ஜவ்வு கிழிந்து, சீழ் பிடித்து, தானாக ஆறிப்போய்விட்டது, இனிமேல் பண்ணுகிறதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எந்த அடியில் கிழிந்தது என்று டாக்டர் கேட்டாராம். எதைச் சொல்லுவது என்று தெரியாமல், சும்மா நின்றுவிட்டு வந்ததாக சவரிமுத்து என்னிடம் சொன்னார். எனக்கும் அதே நிலைதான், ஆனால் நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அதோடு அவர் கை நின்றுவிட்டது. பையனிடம் பேசும்போது இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு பேசுவார்.

நானும் தோல்வாரை ஆணியிலிருந்து எடுத்து டிராயருக்குள் போட்டேன். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன். அப்பன் கை நின்றபிறகு மகன் கை ஆரம்பித்தது. படிப்பை நிறுத்திப் பட்டறையில் சேர்ந்த புதிதில் ஒருத்தன் பல்லை உடைத்தான். அடுத்த மாசம் இன்னொருத்தன் உதட்டைப் பூட்டாலேயே அடித்துக் கிழித்தான். அந்தப் பையனின் தாய் தையல் போட்ட உதட்டோடு அவனை என் கடை வாசலில் நிறுத்தி, "ஓங்க செல்லப் பிள்ள செஞ்ச வேலையப் பாருங்க" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்னாசி வந்தபோது வலது பக்கமாக நின்றுகொண்டு கேட்டேன், "அவன் ஒன்ன என்னடா பண்ணுனான்? சண்ட போட்டானா, வஞ்சானா?" கழுத்தில் ஒட்டின முடியைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னான்:

"எனக்கு எடது பக்கம் நின்னு சிரிச்சான் மாமா. என்ன சொல்லிச் சிரிச்சான்னு தெரியல."

ஆடாமல் இருக்க

அறுபதுகளின் கடைசி. இன்னாசிக்கு மீசை வந்துவிட்டது. அப்பன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து அதே அரத்தைப் போடுகிறான். இரும்புத் தூள் தின்ற நெஞ்சு சவரிமுத்துவைப் படுக்கவைத்துவிட்டது. கை நடுக்கம், தலை நடுக்கம். இன்னாசியின் அம்மா போய்ச் சேர்ந்து வருசம் இரண்டாகிறது. குளிப்பாட்டுகிறது, கஞ்சி ஊட்டுகிறது எல்லாம் இன்னாசிதான். குறை சொல்ல முடியாது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அப்பாவைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்து என் நாற்காலியில் உட்காரவைப்பான்.

சவரிமுத்து சுருங்கிப்போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் உள்ளே அமிழ்ந்துவிடுகிறார், தாடை என் கைக்கு எட்டவில்லை. ஒரு நாள் வேறு வழியில்லாமல் பையன்களுக்குப் போடுகிற பலகையைப் போட்டு அதன் மேல் அவரை ஏற்றினோம். தலை ஆடிக்கொண்டே இருந்தது. கத்தியைத் தொண்டைப் பக்கம் கொண்டுபோக எனக்குப் பயம். "ஆடாத" என்றான் இன்னாசி. தலை ஆடியது. "ஆடாதன்னு சொல்றேன்ல." அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தப் பார்த்தார், இன்னும் அதிகமாக ஆடியது. மூன்றாம் தடவை அவன் சொல்லவில்லை. பின்மண்டையில் ணங் என்று விழுந்தது. அரம் பிடித்த முட்டி. சவரிமுத்து கத்தவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மெதுவாகத் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏலே இன்னாசி, பெத்த அப்பன்டா!" என்று கத்தினேன். அவன் திரும்பவே இல்லை. அப்புறம்தான் பார்த்தேன், அவனுக்கு இடது பக்கமாக நின்று கத்தியிருக்கிறேன். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், அதையே மெதுவாகச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. அப்பாவின் கையைப் பதமாகப் பிடித்துக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்தான். என்னைப் பார்த்து, தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனிடம் கேட்கிற மாதிரிக் கேட்டான்:

"வேற எப்பிடி மாமா? வேணும்னா நீங்க காத அறுத்துருவேன்னு சொல்லிப் பாருங்க, ஆடாம இருப்பாரு."

நாற்பது வருசத் தொழிலில் ஒருத்தன் காதையும் நான் அறுத்ததில்லை என்று தாராளமாகப் பெருமை பேசிக்கொள்ளலாம், இன்னாசிக்கு இடது பக்கமாக நின்றுகொண்டு.